ஜி போட்டதா, போடாததா

...ஆனால் ஜி போட்டதை வாங்கிவிட்டால் அப்புறம் தனபாலை எதைச் சொல்லி வரச் சொல்வது, கட்டிய புருசனை ஊருக்கு வரச் சொல்ல ஒரு சாக்கு வேண்டுமா என்ன, வேண்டியிருக்கிறதே, என்று பானுமதி நினைத்தபோது பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பாவாயியின் தலை அவள் தோளில் வந்து சாய்ந்தது, பாவாயி சந்தைக்குக் கொண்டுபோகிற பலாப்பழம் உருண்டு வந்து கணுக்காலை முட்டியது. கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசர், இரண்டே இரண்டுதான். இரண்டையும் காளப்பநாயக்கன்பட்டியில் கம்ப்யூட்டர் கடை நசீர் பாய் அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறார், பஸ் மலை இறங்கி அங்கே நிற்பதற்குள் எது என்று முடிவு செய்தாக வேண்டும். பெயரின் கடைசியில் ஜி என்று போட்டதில் திரையில் படம் காட்டுகிற வேலையும் உள்ளேயே அடக்கம், மாட்டினால் அன்றைக்கே விளையாடலாம். ஜி போடாதது அதைவிடச் சூட்டிகை, ஆனால் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு சொருகினால்தான் திரையில் எதுவும் தெரியும், அதுவரை கறுப்புதான். அந்தக் கார்டு தனபாலின் பங்கு. அப்படித்தான் பேச்சு.

பேச்சு என்றால் என்ன, ஒரு மழைக்காலத்துப் பேச்சு... கல்யாணமான வருசம், தனபால் வேலை பார்க்கிற போர்வெல் லாரி மழையில் ஓய்ந்து நின்றதால் அவன் இரண்டு மாதம் மலைமேல் குண்டூர் நாட்டில் வீட்டோடு கிடந்தான், வெளியே சாரல், உள்ளே ஒரே போர்வை, ஒரே போன், ஒரே இயர்போனில் காதுக்கு ஒன்று, யார் யாரோ கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டுகிற வீடியோக்களை இருவரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளயே கிராபிக்ஸ் இருக்கறது மோருல தண்ணி ஊத்துன மாரி கண்ணு, என்றான், ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக் புடிச்சுச் சண்டை போடோணும்னா கார்டு இல்லாம முடியாது, மத்ததெல்லாம் நீ பாத்துக்க, கார்டு என்னோடது, கார்டு இல்லாம இந்த ஊட்டுப் படி ஏறமாட்டேன் பாரு. அப்போது அவள் சிரித்தாள். அடுப்படியிலிருந்து மாமியார் சென்னம்மாள், புள்ளைகுட்டி வெளையாட வேண்டிய ஊட்டுல புருசனும் பொண்டாட்டியும் வெளையாடப் பொட்டி வாங்கறாங்களாமா, என்று ராகிக்களியை ஓங்கி ஒரு கிண்டு கிண்டினாள், அதற்கும் சிரித்தார்கள். இ-சேவை மையத்தில் மற்றவர்களுக்குச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் தட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சேர்த்தாள், கேபினெட் வந்தது, திரை வந்தது, எல்லாம் ராகி மூட்டைக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியோடு தவம் கிடக்கின்றன. அவன்தான் வரவில்லை. பொங்கலுக்கு வாரேன் என்றான், அப்புறம் ஆடிக்கு என்றான். அதே லாரியில் போன சின்னுசாமி ஆடிக்கு வந்து சேர்ந்துவிட்டான், ஏனுங்கண்ணா அவுரு வரலீங்களா என்று கேட்டால், வருவாப்ல வருவாப்ல என்று சொல்லிவிட்டு மிளகுக்கொடியை அண்ணாந்து பார்த்தான்.

மேகம் பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பள்ளமா பாறையா தெரியவில்லை, டிரைவரின் கைகள் மட்டும் பெரிய ஸ்டியரிங்கை நிதானமாகச் சுற்றுவது தெரிகிறது, சுற்றி, விட்டு, பிடித்து... அவள் கைகளும் மடியில் கைப்பையின் மேல் அதேபோல் அசைந்தன. தனபால் சொன்ன சண்டை விளையாட்டு ஒன்று, அவள் கண்டுபிடித்த லாரி ஓட்டுகிற விளையாட்டு வேறு ஒன்று. அதை அவள் தனியாக ஒரு மத்தியானம் பார்த்தாள், எங்கோ ஒரு குளிர் தேசம், இரண்டு பக்கமும் பனி, நடுவில் ஈரமாக ஒரு ரோடு, யாரும் யாரையும் அடிப்பதில்லை, வெட்டுவதில்லை, சரக்கை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டாதவள், படுத்தால் மனசுக்குள் அந்த லாரியை ஓட்டினாள். வைப்பர் அப்படியும் இப்படியும் போகும், ரேடியோவில் புரியாத பாஷையில் யாரோ பாடுவார்கள், பக்கத்து சீட்டில் அவளுடைய சாப்பாட்டுத் தூக்கு ஆடாமல் இருக்கும், அடுத்த ஊருக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று போர்டு காட்டும், அவள் அவசரப்பட மாட்டாள். ஜி போட்டதிலேயே அது ஓடுமா என்று ஒரு வீடியோவைச் சும்மாதான் பார்த்தாள். ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது. சும்மா என்றால், இரண்டு மூன்று தடவை சும்மா.

ஒரு வளைவில் மேகம் விலகிச் சமவெளி கீழே பச்சைப்பச்சையாக விரிந்தது, டவர் கிடைத்ததும் பஸ்ஸில் எல்லார் போன்களும் ஒரே நேரத்தில் கத்தின. அவளுடையதில் தனபாலின் குரல் வந்து கிடந்தது. காதில் வைத்தாள். பின்னால் மழைச்சத்தம், யாரோ ஆள்களின் சிரிப்பு, நடுவே அவன்... பானு, பாய் போன் போட்டாப்ல, எதுன்னு கேட்டாப்ல. நீ எதுக்கும் ஜி போட்டதையே வாங்கிக்க கண்ணு. அது போதும் உனக்கு. நான் அப்பறம் கூப்படறேன். அவ்வளவுதான். திரும்பக் கேட்டாள். மோரில் தண்ணீர் ஊற்றியது என்றவன், அது போதும் என்கிறான். கார்டு இல்லாமல் படி ஏறமாட்டேன் என்றவன், கார்டே வேண்டாதது எதுவோ அதை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான்... வரமாட்டேன் என்பதை இதைவிட இதமாக யார் சொல்ல முடியும், கண்ணு வேறு, எவ்வளவு பிரியமாகக் கையைக் கழுவுகிறான். இல்லை, பாவம், அவள் காத்திருக்க வேண்டாமே என்று சொல்லியிருப்பானோ, கையில் காசு இல்லாமல் இருக்குமோ, சின்னுசாமி ஏன் மிளகுக்கொடியைப் பார்த்தான். ஜி போடாததை வாங்கி வைத்தால் என்ன, கறுப்புத் திரை, அது கறுப்பாக இருக்கும்வரை அவன் வந்தாக வேண்டியவன்தானே, மாமியார் கேட்டால் கார்டு வரோணும் அத்தை என்று சொல்லலாம், ஊர் கேட்டாலும் சொல்லலாம். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை, அதற்குப் பதிலாக நெஞ்சில் ஏதோ லேசாகிற மாதிரி இருந்தது, இது என்ன கூத்து என்று தன்மேலேயே கோபம் வந்தது, பாவாயியின் தலையைத் தேவைக்கு மேல் மெதுவாக நிமிர்த்தி வைத்தாள்.

காளப்பநாயக்கன்பட்டியில் வெயில் சுள்ளென்று அடித்தது. நசீர் அகமது இரண்டு பெட்டிகளையும் கண்ணாடி மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்திருந்தார், இவ்வளவு சின்னதுக்கா இவ்வளவு யோசனை என்று தோன்றியது. "வாம்மா பானு. தம்பிகிட்டப் பேசிட்டேன், ஜி போட்டதே போதும்னுச்சு. ஆனா உம்பட பணம், நீதான் சொல்லோணும்" என்றார். "அதுல பின்னால கார்டும் சொருகிக்கலாமுங்களா?" "சொருகலாம். மத்தது அளவுக்கு வராது, அவ்வளவுதான். என்ன கேம் போட்டுத் தரட்டும்?" "லாரி ஓட்டறதுங்க." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது, அவளுக்கே காதில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. பாய் சிரித்துக்கொண்டே ஜி போட்ட பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார், "அதுக்கு இது தாராளம். ஜாய்ஸ்டிக் ஒண்ணா, ரெண்டா?"

ரெண்டு என்று சொல்ல வாயெடுத்தாள். பனி ரோடு வந்தது, வைப்பர் வந்தது, ரேடியோ வந்தது, பக்கத்து சீட்டில் தனபாலை ஏற்றிக்கொள்ளலாம் என்று திரும்பினாள், அங்கே சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. ஒரு கையால் எடுத்துக் கீழே வைத்துவிடலாம், பெரிய வேலை ஒன்றுமில்லை... அவன் போனில் சொன்னதற்கு வெகு முன்னாலேயே, ஆடிக்கும் முன்னாலேயே, அவள்தானே அதை அங்கே வைத்தாள், ஒரு நாளாவது எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லையே. ஏம்மா, ஒண்ணா ரெண்டா, என்று பாய் மறுபடியும் கேட்டார்.