இளவரசி பிரண்டை

பிரண்டையை உரிக்கும் முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். பியூலா படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குக் கிளம்பினாள். புருஷன் ஆரோன் கேட்டால்தானே! மறைமலை நகர் கார் கம்பெனியில் இன்ஜினையே கழற்றி மாட்டுகிற கையை ஒரு கொடி என்ன செய்துவிடும் என்று இருந்தான். துவையலுக்கு நார் உரித்து முடிப்பதற்குள் இரண்டு கையும் பற்றி எரிந்தன. சொறிந்தான், குதித்தான், குழாயடியில் நின்றான்.

மகள் சுஜி சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு விரல் இடுக்கெல்லாம் கரப்பான். ஒட்டுகிற வியாதியில்லை என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டாலும், கீழே விளையாடும் வாண்டுகள் வட்டம் சேரும்போது அவள் கையைப் பிடிப்பதில்லை. அவளும் விளையாடப் போவதையே விட்டுவிட்டாள்.

"உனக்கும் அரிக்குதாப்பா?"

"செம பேஜாருடா செல்லம்!"

"சொறியாதே. புண்ணாயிடும்."

தினமும் அவன் அவளுக்குச் சொல்வது அது. பேச்சை மாற்ற, பிரண்டைத் தண்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

"இது யார் தெரியுமா? இளவரசி பிரண்டை."

"இளவரசிக்குப் போய் பிரண்டைன்னு பேரா? சீ!"

"பின்னே? கோட்டைச் சுவரையே தாவி ஏறுற பொண்ணாச்சே! ஆனா அவ கையைப் பிடிச்சா அரிக்கும்னு பயந்து ஒருத்தரும் கிட்ட வரலை."

சுஜி முகம் வாடியது. "அப்புறம்?"

அப்புறம் என்னவென்று ஆரோனுக்கே தெரியாது. நல்லவேளை, எண்ணெய்ப் பாட்டில் கண்ணில் பட்டது.

"அப்புறம் புத்திசாலிப் பசங்க கையில நல்லெண்ணெய் தடவிக்கிட்டு வந்து பிடிச்சாங்க. அரிக்கவே இல்லை!"

சுஜி விருட்டென்று செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டாள். ஐயோ, குழந்தை மனசைப் புண்படுத்திவிட்டோமே என்று ஆரோன் தவித்துப்போனான்.

கொஞ்ச நேரத்தில் காலிங் பெல் அலறியது. திறந்தால் கீழே விளையாடும் ஜோஸ்வின், ஸ்ம்ருதி, அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஒரு பட்டாளம். எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அங்கிள், எண்ணெய் ஊத்துங்க. இளவரசி கையைப் பிடிக்கணும்."

"தள்ளாம வரிசையா வாங்க!" என்று அதட்டியது சுஜிதான்.

ஆரோன் ஊற்றினான். கண் கலங்கியது. அதே பிரண்டைக் கையால் துடைத்தும் வைத்தான், புத்தி கெட்டவன்!

கண் சிவக்க அவன் சொறிந்துகொண்டிருந்தபோது பியூலா வந்தாள். லிஃப்ட் பட்டனில் ஒட்டிய எண்ணெய் அவள் விரலில் மினுங்கியது. திட்டு விழப்போகிறது என்று ஆரோன் பயந்தான்.

"கீழே பார்த்தேன்," என்றாள். "ரெண்டு பக்கமும் அவ கையைப் பிடிச்சிருக்காங்க."

"துவையலுக்கு எண்ணெய் இல்லை, பியூலா."

"கெடக்குது விடுங்க. தயிர்சாதம் சாப்பிட்டுக்கலாம்."