ஒரே அட்டவணையில் அக்கா

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு காலிக் கட்டத்தில். மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதும் ஒருவன், ஆட்களை எப்படி அடுக்குவது என்று தெரியாமல் விழித்தான். அவன் நிரலில் 'மனிதர்' என்பது தாய் வகுப்பு, அதாவது எல்லாருக்கும் பொதுவான அச்சு. 'ஊழியர்', 'நோயாளி' அதன் பிள்ளைகள். தரவுத்தளத்துக்குத் தாயும் தெரியாது, பிள்ளையும் தெரியாது, அட்டவணைதான் தெரியும். பிள்ளைக்கொரு அட்டவணை கொடுக்கலாம். தாய்க்கும் தனியாக ஒன்று வைத்து, ஆளுக்கொரு எண்ணால் முடிச்சுப் போடலாம். அவன் சோம்பேறி. எல்லாரையும் ஒரே அட்டவணைக்குள் தள்ளி, ஓரத்தில், ஊழியரா நோயாளியா என்று ஒன்றை மட்டும் குறிக்க, 'வகை' என்றொரு கட்டம் வைத்தான்.

(சோம்பேறி என்றது அநியாயம். மூன்று வாரம்தான் கொடுத்தார்கள்.)

2

மழை பிடித்துக்கொண்ட ஒரு

வேண்டாம். மழைக்கு இங்கே வேலையில்லை.

அவன் அக்கா அதே மருத்துவமனையில் தற்காலிக நர்ஸ். பித்தப்பையில் கல். நாளைக் காலை பத்துக்கு அறுவை சிகிச்சை. ஒரு மயக்க மருந்து அவளுக்கு ஆகாது, மூச்சு அடைத்துவிடும். 'ஒவ்வாமை' கட்டமோ நோயாளிக்கு மட்டும்தான் திறக்கும். அக்கா ஊழியர். நோயாளி என்று மாற்றினால் ஊழியர் பட்டியலிலிருந்து மறைவாள். நாளை அதே பத்து மணிக்கு, அந்தப் பட்டியலில் இருப்பவர்களைத்தான் நிரந்தரமாக்குகிறார்கள். ஆறு வருஷக் காத்திருப்பு.

(இதுவரை ஊழியர் யாருமே நோயில் படுக்கவில்லையா? மென்பொருள் வந்து எட்டு நாள்தான் ஆகிறது.)

3

"ரெண்டையும் போடேன்டா," என்றாள் அக்கா போனில்.

"ஒண்ணுதான் கொள்ளும்க்கா."

"அப்ப கட்டத்தைப் பெருசாக்கு."

"அதென்ன சட்டையா, பிரிச்சுத் தைக்க? அட்டவணையையே உடைக்கணும். நாலு நாளாகும்."

"நான் காய்ச்சலோட டியூட்டிக்குப் போனதை எத்தனை தடவை பாத்திருக்கே! அப்ப நான் எந்த வகைடா?"

[இங்கே அவன் அழுததாக எழுதி அடித்துவிட்டேன். அழுகிற ஆளில்லை.]

4

மருத்துவரிடம் வாயால் சொல்கிறான். அவர் தலையாட்டுகிறார். காலையில் ஆள் மாறுகிறார். மயக்க மருந்து கொடுப்பவர் அக்கா சொல்வதை நம்பாமல் திரையைப் பார்க்கிறார், கட்டம் காலி. இந்த முடிவை எழுத எனக்குக் கை வரவில்லை.

அல்லது வேறு எண்ணில் அக்காவை இன்னொரு முறை நோயாளியாகச் சேர்க்கிறான். இப்போது இரண்டு அக்கா. அறுவை அரங்கின் திரையில் எந்த அக்காவைத் திறப்பார்கள்?

அல்லது 'நோயாளி' என்று மாற்றுகிறான். அக்கா பிழைக்கிறாள். கண் விழித்ததும் முதல் கேள்வியாக

எனக்குக் குழப்பமாக இருக்கிறது. உயிர்தானே பெரிது என்பீர்கள். அது அவள் உயிர், அவள் ஆறு வருஷம். நமக்குச் சொல்வது சுலபம்.

மணி ஒன்பது ஐம்பது. தள்ளுவண்டி அரங்கின் வாசலில் நிற்கிறது. அக்கா தலையைத் தூக்கி, அவனைத் தாண்டி, உங்களைப் பார்த்துக் கேட்கிறாள்:

"என்னன்னு போட்டே?"