மூடிய கதவு என்ன பாட்டு?

ஆர்வில் ட்வைட் சொல்வதை நம்புவதானால், போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாதி உலகம் கைவேலையைப் போட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கட்டியாக உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, மூன்றாம் முறை உருகும்போதுதான் வெளியே வந்தார். காப்பிக் கடையில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் மேசையிலிருப்பவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். அவர் கதையில் மீன்கள் படகைவிடப் பெரியவை, அவர் ஊர் இருக்கும் சஸ்காச்சவான் மாநிலத்துக் கொசுக்கள் கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவை. பக்கத்து வீட்டு லோர்ன் ஹவ்ரிலுக் இன்னும் ஒரு படி மேல். "இன்னிக்குக் குளிருது" என்று ஆர்வில் சொன்னால்கூட வெளியே போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வந்துதான் தலையாட்டுவார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது நடந்ததுதான்.

இணையத்தில் 'மணிச்சத்தம்' என்றொரு குழு இருக்கிறது. கனடாவின் கிழக்குக் கோடியான நியூஃபவுண்ட்லாந்திலிருந்து மேற்குக் கோடியான வான்கூவர் தீவுவரை, ஓய்வுபெற்றும் ஓயாத ஜனங்கள் அதில் உண்டு. டிசம்பர் பிறந்தால் அங்கே ஒரே விளையாட்டு. தினம் ஒருவர் முறை. முறைக்காரர் வீட்டுச் சாமான்களை அடுக்கி ஒரு படம் எடுத்துப் போட வேண்டும். அதற்குள் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு ஒளிந்திருக்கும். சூப்புக் கிண்ணத்தில் பொம்மைக் குழந்தையைப் படுக்கவைப்பார்கள், துடைப்பத்துக்கு இறக்கை கட்டுவார்கள். மற்றவர்கள் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை வர எத்தனை தாமதமோ, முறைக்காரருக்கு அத்தனை மதிப்பெண். முதலிடம் பிடிப்பவருக்கு ஒற்றைக் கொம்பு உடைந்த பீங்கான் மான் ஒன்று பார்சலில் வரும். அடுத்த டிசம்பர்வரை அது அவர் வீட்டு மாடத்தில் நிற்கும்.

விதி இரண்டே இரண்டு. முறைக்காரர் வார்த்தையே பேசக் கூடாது, பதிலையும் படமாகத்தான் போட வேண்டும். இரண்டாவது, படம் சொந்த வீட்டுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். நோவா ஸ்கோஷியாவில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற மேவிஸ் கிரௌஸ் இவற்றைக் காவல் காத்தாள். அதற்கு முந்தின வருஷம் ஆர்வில் தன் முறையில் வாய்தவறி ஒரு வார்த்தை எழுதி மானை இழந்தார். அந்த மான் அப்போது லோர்ன் வீட்டு ஜன்னலில், சரியாக ஆர்வில் வீட்டுச் சமையலறையைப் பார்த்தபடி நின்றது. ஒற்றைக் கொம்பை ஆட்டி அது சிரிப்பதாக ஆர்வில் சத்தியம் செய்வார்.

அன்று ஆர்வில் முறை. மனைவி ஜாய்ஸ் பிஸ்கட் பரிமாறிக்கொள்ளும் விருந்துக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். போகும்போது, "வர்றதுக்குள்ள என் காரைக் கழுவி வை. பனி உருகச் சாலையில கொட்டுற உப்பு அதைத் தின்னுது. ஒரு கீறல் விழுந்துச்சு, உன்னை உப்பு தின்னும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆர்வில் போனை வீட்டில் மறந்துவிட்டு, விளையாட்டுப் பலகையை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். பலகை என்பது ஜாய்ஸ் வாங்கித் தந்த டேப்லெட். அதில் போன் கிடையாது. இணையம் கிடைத்தாலும் மணிச்சத்தம் குழுவைத் தவிர வேறெதையும் திறக்க அவருக்குத் தெரியாது.

கார் கழுவும் கொட்டகை கூட்டுறவுக் கடைக்குப் பின்னால், ஊர்க் கோடியில் இருந்தது. உள்ளே ஓட்டினார், பெரிய கதவு இறங்கியது, கழுவினார். பிறகு பொத்தானை அமுக்கினார். மோட்டார் முனகிவிட்டு அடங்கியது. கழுவிய தண்ணீர் கதவின் அடிக்கு ஓடி ரப்பரோடு சேர்ந்து உறைந்திருந்தது. ஆர்வில் அசரவில்லை. குழாய்த் துப்பாக்கியால் வெந்நீரைக் கதவின் அடியில் பீய்ச்சினார். பனி இளகியது. அவர் சிரித்து முடிப்பதற்குள் அந்தத் தண்ணீரும் உறைந்து, கதவைக் கண்ணாடிச் சுவராக்கிவிட்டது. மெஷினும் தன் நேரம் முடிந்ததென்று நின்றுவிட்டது.

பக்கவாட்டில் ஆள் நுழையும் சின்னக் கதவு ஒன்று இருந்தது. உள்பக்கம் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அதை வெளியிலிருந்து மட்டும்தான் திறக்க முடியும்.

ஹாரனை அடித்தார். ஊரே ஹாக்கி அரங்கில் இருந்தது. நம் பையன்கள் கோல் போட்டால் வண்டிகளில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பதுதான் ஊர் வழக்கம். யார் காதிலாவது விழுந்திருந்தால் அவர்களும் பதிலுக்கு ஒரு ஹாரன் அடித்துச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். காரால் கதவை இடிக்கலாம். ஜாய்ஸை நினைத்தபோது உறைந்து சாவதே மேல் என்று பட்டது. இன்ஜினை ஓட்டிக் குளிர் காய்ந்தால் மூடிய இடத்தில் புகை கொன்றுவிடும். நனைந்த கால்சட்டை முழங்காலுக்குக் கீழே ஏற்கெனவே தகரமாகிவிட்டது. தட்டினால் டங்கென்று ஒலித்ததாக அவர் சொல்வதை நாம் பாதியாவது நம்பலாம்.

பலகையைத் திறந்தார். பூட்டிக் கிடந்த பக்கத்துக் காப்பிக் கடையின் இணையம் சுவரைத் தாண்டிக் கசிந்தது. மூடிய கதவைப் படமெடுத்துப் போட்டு, கீழே எழுதினார்: "கூட்டுறவுக் கடைக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டேன். கதவு தொறக்கல. யாராவது வாங்க."

எழுத்து மறைந்தது. படம் மட்டும் நின்றது.

"ஆர்வில், முறைக்காரர் பேசக் கூடாது. உங்க வாய் பத்தி எங்களுக்குத் தெரியும், அதனால இன்னிக்கு முழுக்க வார்த்தையை அடைச்சுட்டேன். படம் மட்டும்தான் போகும்" என்றாள் மேவிஸ். "கதவு நல்லா இருக்கு. ஆரம்பிக்கலாம் எல்லாரும்."

விடைகள் கொட்டின.

"சத்திரத்துல இடமில்லைன்னு கதவைச் சாத்துற பாட்டு."

"இல்லைங்க. அந்தப் பக்கம் மணி அடிக்குது, இந்தப் பக்கம் கேக்கல. அந்தப் பாட்டுதான்."

"வீடுவீடாப் பாடிட்டு வர்றவங்களைப் பாத்ததும் விளக்கணைச்சுட்டு ஒளிஞ்சுக்கிறது எந்தப் பாட்டு?"

"அது பாட்டில்ல, என் மச்சான்."

ஆர்வில் தன் முகத்தையே படமெடுத்துப் போட்டார். மீசையில் பனி தொங்கியது.

"ஐயோ, என்ன அழகா வேஷம் போட்டிருக்காரு. பனித்தாத்தா பாட்டு."

"கன்னம் சிவந்த தேவதூதன்."

"இவ்வளவு வயசான தேவதூதனா? மேய்ப்பனா இருக்கும். ஆடு எங்க?"

கந்தல் துணிகளை ஈரத்தரையில் பரப்பி 'உதவி' என்று எழுதிப் படம் போட்டார். அதுவும் மறைந்தது. "எழுத்தும் வார்த்தைதான், ஆர்வில்" என்றாள் மேவிஸ்.

ஒவ்வொரு தப்பு விடையிலும் நேரம் ஓட, மதிப்பெண் பட்டியலில் அவர் பெயர் மேலே ஏறியது. பத்து வருஷத்தில் யாரும் தொடாத இடத்துக்குப் போய்விட்டார். விடையே இல்லாத விடுகதை போட்டவரை யார் ஜெயிக்க முடியும்? வாயடைக்கப்பட்டு, விரல் மரத்து, பீங்கான் மானுக்கு இவ்வளவு பக்கத்தில் அவர் வாழ்நாளில் வந்ததில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மான் அவருக்கு. ஆனால் அதை வாங்கக் கை இருக்காது. இடது கால் விரல்கள் கணக்கில் இல்லாமல் போனபோது ஆர்வில் யோசித்தார்.

தன்னைக் காப்பாற்ற இந்தக் கூட்டத்தில் ஒருவரும் வரப் போவதில்லை. ஆனால் தன்னை விளையாட்டிலிருந்து தூக்க ஒருத்தர் கட்டாயம் வருவார். ஜன்னலில் நிற்கும் மானைக் கொடுக்க மனமில்லாதவர்.

ஆர்வில் எழுந்தார். தரையின் வடிகால் கம்பியையும், சுவரில் தொங்கிய சோப்புத் தூரிகையையும், ஜாய்ஸின் காரின் முன்மூஞ்சியையும் ஒரே படத்தில் அடக்கினார். எந்த வீட்டுக்குள்ளும் இவை இருக்காது. தன் மதிப்பெண்ணின் கழுத்தைத் தானே நெரிப்பதுபோல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்.

குழுவில் இன்னும் இரண்டு தப்பு விடைகள் விழுந்தன. பிறகு லோர்ன் வந்தார்.

"மேவிஸ், இது அவன் வீடு இல்ல. இது எங்க ஊர்க் கார் கழுவுற கொட்டகை. இரண்டாவது விதி."

"அவர் வீட்டு வண்டிக்கொட்டகையா இருக்கலாமே, லோர்ன்."

"அவன் வீட்டு வண்டிக்கொட்டகையில கார் நின்னு இருபது வருஷமாச்சு. பூரா பழைய தூண்டில். நேராப் போறேன், போனை ஓடவிட்டுக் காட்டறேன். எல்லாரும் பாருங்க."

பலகையில் லோர்னின் போன் காட்டும் காட்சி ஓட ஆரம்பித்தது. வண்டியின் முன்கண்ணாடி, பனிச்சாலை, கூட்டுறவுக் கடைச் சுவர். வெளியே காலடி நொறுங்கும் சத்தம். ஆர்வில் சின்னக் கதவருகே போகப் பார்த்தார், உறைந்த கால்சட்டை மடங்கவில்லை. கதவு படாரென்று திறந்து, போனை ஈட்டிபோல நீட்டியபடி லோர்ன் உள்ளே வந்தார்.

"பாருங்க, கையும் களவுமா. யோவ் ஆர்வில், எந்த வீட்டு ஹால்யா இது?"

"கதவைப் பிடி."

"நடிக்காதே. கதவு சும்மா தொறந்துதான் கிடக்கு. நான் வரல?"

"லோர்ன், கடவுள் ஆணையாச் சொல்றேன், கதவைப் பிடிய்யா."

"உன் கடவுளும் கதை விடுவாரு" என்று லோர்ன் இரண்டடி முன்னால் வந்து, மீசைப் பனியைப் பசையென்று நினைத்து இழுத்துப் பார்த்தார். பின்னால் காற்று கதவை அறைந்து சாத்தியது.

லோர்ன் திரும்பினார். தோளால் தள்ளினார். ஓட்டைக்குள் விரலை விட்டுத் திருகினார். பெரிய கதவுக்குப் போய்ப் பொத்தானை அமுக்கினார். மோட்டார் முனகி அடங்கியது. குனிந்து அடியிலிருந்த பனிக்கண்ணாடியைத் தட்டினார். பிறகு எழுந்து வந்து, தன் கோட்டைக் கழற்றி ஆர்வில் முழங்காலைச் சுற்றினார். கால்சட்டை தகரம் போலவே ஒலித்தது.

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மணிச்சத்தம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"லோர்ன்?" என்றாள் மேவிஸ். "ஏமாத்தறாரா இல்லையா? நான் தீர்ப்பு எழுதணும்."

லோர்ன் தீயணைப்புக்காரர்களை அழைக்கும் முன்னால் போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார். குப்பியிலிருந்து மூடியைப் பிடுங்குவதுபோல வார்த்தை வெளியே வந்தது.

"அவன் மாட்டிக்கிட்டதுதான், மேவிஸ். மொதல்லருந்தே சொன்னது அத்தனையும் நெஜம்."