அரை மணி நேரத் தப்பு

கோபாலசாமி நீட்டிய காகிதத்தைக் கலாவதி வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். உள்ளே ஹாலில் அவள் புருஷன் ஜம்புநாதன் பெட்டிக்குள் வேட்டி சட்டையோடு கிடந்தார். ஃபியூனரல் ஹோம்காரன் பன்னிரண்டு மணி வரைக்கும்தான் கொடுத்திருந்தான். அதற்குமேல் ஹால் வேறு யாருக்கோ.

"சங்கத்துப் பேர்ல நான் ரீட் பண்ணப்போற இரங்கல் உரைம்மா," என்றார் அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத் தலைவர் கோபாலசாமி. "ஒரே ஒரு ரெக்வெஸ்ட். பார்க்கிங் லாட்ல அந்த ஜீவரத்தினம் கார்ல உக்காந்திருக்கான். உள்ள வரவேணாம்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

'நண்பன் என்று நம்பியவனால் வஞ்சிக்கப்பட்ட வெள்ளை உள்ளம்' என்று காகிதத்தில் எழுதியிருந்தது. அடாடா, என்ன தமிழ்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எண்பத்தெட்டில், இதே கோபாலசாமிதான் நூவர்க் ஏர்போர்ட்டில் மாலையோடு நின்றார். சறுக்குவண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு வட துருவத்துக்கு நடந்துபோன இரண்டு தமிழர்கள் என்றால் சும்மாவா? பயணத்துக்குத் தலைவர் நாகர்கோவில் ஜீவரத்தினம். திசை பார்த்தவர் பொள்ளாச்சி ஜம்புநாதன். ஆறே மாதத்தில் ஒரு பத்திரிகை அவர்கள் குறிப்பேட்டைக் குடைந்தது. கடைசி நூறு கிலோமீட்டரில் திசை தப்பிவிட்டது, துருவத்துக்குப் பதிமூன்று கிலோமீட்டர் தள்ளியே திரும்பிவிட்டார்கள் என்று எழுதியது. "எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு," என்றார் ஜீவரத்தினம். அவ்வளவுதான், பொய்யன் பட்டம் கட்டிவிட்டார்கள். காலேஜ் வேலை போயிற்று. ஹூஸ்டனில், ஹில்குரோஃப்ட் தெருவில் ஒரு மளிகைக் கடை கவுண்டரில் நிற்கிறார் என்று கேள்வி. சங்கம் தன் ஆண்டு மலரில் அவரை மட்டும் வெட்டிவிட்டுப் படத்தைப் போட்டது.

கலாவதி மட்டும் சளைத்தவளா? போனில் அவர் குரல் கேட்டால் வைத்துவிடுவாள். கிறிஸ்துமஸ் கார்டு வந்தால் பிரிக்காமலே குப்பையில் போடுவாள்.

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில்தான் ஜம்புநாதன் வாயைத் திறந்தார். மாஸ்க்கை விலக்கி விலக்கிச் சொன்னார். துருவத்துக்குப் போன அந்த வருஷம் அவள் பிரசவத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்தாள். பனிக்கு நடுவில் இவருக்கு அவள் சாப்பிட்டிருப்பாளா, தூங்கியிருப்பாளா என்றே நினைப்பு. கடிகாரத்தை ஊர் நேரத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டார். அங்கே சூரியனையும் கடிகாரத்தையும் வைத்துத்தான் திசை பார்க்க வேண்டும். அதற்கு உலகப் பொது நேரம் வேண்டும்; ஊர் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் அது வரும். அமெரிக்காவில் முழு மணியாகவே கூட்டிக் கழித்துப் பழகிய மனுஷன், ஐந்து மட்டும் கழித்துவிட்டார். திரும்பி வந்த பிறகுதான் அந்த அரை மணி உறைத்தது.

"அவன்கிட்ட சொன்னேன் கலா. 'உனக்குப் பாப்பா பொறந்திருக்கு, கிரீன் கார்டு இன்னும் வரல, நான் தனிக்கட்டை, நீ வாயை மூடிட்டு இரு'ன்னுட்டான். நானும் மூடிட்டேன்."

ஒன்பது வருஷம். அவள் ஜீவரத்தினத்தைக் கரித்துக் கொட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சாகக் கிடக்கிறவர் மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சண்டை போடக்கூட விடாமல் சனிக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தக் காகிதத்தை வாசிக்க விட்டால் அவர் நல்லவராகவே போய்விடுவார். மகள் ஓவியா காதில் அப்பாவைப் பற்றி ஒரு சொல் விழாது. அவள் வாயைத் திறந்தால் அந்தப் பொய்யன் பட்டம் புருஷன் தலைக்கு வரும்.

கலாவதி செருப்பை மாட்டிக்கொண்டு பார்க்கிங் லாட்டுக்குப் போனாள்.

ஜீவரத்தினம் காரிலிருந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. "தங்கச்சி, நான் இங்கனயே நிக்கேன். கூட்டம் போனப்பறம் முகத்தை ஒருவாட்டி பாத்துட்டுப் போயிருதேன்."

"எல்லாம் தெரியும்ணா. வியாழக்கிழமை சொல்லிட்டாரு."

அவர் கார்க் கதவைச் சாத்தினார். "அத விட்ரு. செத்தவன் மேல எதுக்குப் பழி?"

"அவர் மேல இல்லைன்னா உங்க மேலதானே இருக்கும்? உள்ள வாங்க."

ஹாலில் கோபாலசாமி மைக்குக்கு வருவதற்குள் அவள் போய் நின்றுவிட்டாள்.

"என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான்," என்றாள். "ஆனா துருவத்துல கணக்கைத் தப்பாப் போட்டது அவர்தான், இந்த அண்ணா இல்ல. தெரிஞ்சும் ஒன்பது வருஷம் பேசாம இருந்தாரு. தப்பு யாரும் பண்ணலாம், பேசாம இருந்ததை நான் மன்னிக்கல. அண்ணா மேல சேறு வாரிப் பூசினதுல உங்ககூட நானும் உண்டு. இந்த உரையை இங்க யாரும் வாசிக்கக்கூடாது."

முன்வரிசையிலிருந்து ஓவியா, "இஸ் இட் ட்ரூ, மாம்?" என்றாள்.

"ஆமாடி."

ஓவியா பெட்டியில் கிடந்த அப்பாவைப் பார்த்தாள். பிறகு பக்கத்து நாற்காலியிலிருந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜீவரத்தினம் அங்கே வந்து உட்கார்ந்தார்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். பெட்டியைத் தூக்கச் சங்கத்திலிருந்து ஆறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஃபியூனரல் ஹோம்காரன் கூப்பிட்டான். ஒருத்தரும் அசையவில்லை. கோபாலசாமி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீவரத்தினம் மட்டும் எழுந்து போய் முன்கைப்பிடியைப் பிடித்தார். பின்பக்கத்துக்கு ஃபியூனரல் ஹோம் ஆட்களே வந்தார்கள்.

கலாவதி முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"பொம்பளைங்க தூக்கக்கூடாதும்மா," என்று யாரோ சொன்னார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்க் கைப்பிடியைப் பிடித்தாள். பெட்டி எழும்பியது. அவள் நினைத்ததைவிட அதிகமாகக் கனத்தது. தோள்பட்டை இறங்கியது.

"வெயிட்ட என் பக்கம் சாச்சுக்க, தங்கச்சி," என்றார் ஜீவரத்தினம்.

அவள் சாய்க்கவில்லை.