ஒரு பல் தள்ளி

“வலப்பக்கத்துக்கு முதல்ல ஊத்து ஹபீல்” என்றார் லெப்பை.

ஹபீல் வாளியிலிருந்து கோப்பையால் மொண்டு ஊற்றினான். வெள்ளைத் துணி போர்த்திய உடலின் மேல் நீர் ஓடி, பலகையின் சரிவில் இறங்கி, வீட்டின் பின்னால் வெட்டிய குழிக்குள் போயிற்று. கற்பூரம் மணத்தது. துணிக்குள் இருந்தவர் அவனுடைய மூத்த சகோதரி பஸீஹாவின் கணவர் சாஹுல் ஹமீது. காலை எட்டு மணிக்குத் தானாக நடந்து வந்து வேனில் ஏறியவர், ஒன்பதரைக்குப் பிலிமத்தலாவையைத் தாண்டும்போது யாரோ ஒருவரின் பிக்கப்பில் ஹபீலின் தோளில் சாய்ந்தபடி மௌத்தாகிவிட்டார்.

லெப்பை ஹபீலின் விரல்களைப் பார்த்தார். நகக்கண்கள் கறுத்திருந்தன. மூன்று முறை சவர்க்காரம் போட்டும் போகவில்லை.

“என்ட கை துப்புரவில்ல. வேற யாரும் ஊத்தட்டும்” என்று கோப்பையை நீட்டினான்.

“அது தொழில்ட கறுப்பு. அதுக்கு என்ன? நீ ஊத்து.”

தலைமாட்டில் நின்ற முஹம்மது ஹாஜியாரும் தலையசைத்தார். இறந்தவரின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன் அவர், எழுபதைத் தாண்டியவர். “ஒன்ட கையில அவனுக்கு எவ்வளவு நம்பிக்க. அந்தக் கையாலயே ஊத்து மகன்.”

 ஹபீல் கோப்பையை மறுபடி வாளிக்குள் விட்டான். அவன் ஊற்றினான்.

நம்பிக்கை என்று ஹாஜியார் சொன்னது உண்மைதான். பிலிமத்தலாவையில் ஹபீல் கராஜ் திறந்து பதினொரு வருடம். ஹிங்குலையிலிருந்து மாவனல்லைக்குப் பிள்ளைகளை ஏற்றும் சாஹுல் ஹமீதின் பள்ளிக்கூட வேனில், அந்தப் பதினொரு வருடமும் வேறு எந்த மெக்கானிக் பாஸின் ஸ்பேனரும் பட்டதில்லை. போன வாரம் பிரேக் கல்லாக இறுகிவிட்டது என்று வேனைக் கொண்டுவந்து விட்டார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது, அதற்குள் வேண்டும் என்றார். பிரேக்குக்கு இழுப்புக் கொடுக்கிற வெக்கும் பம்ப் போய்விட்டிருந்தது. ஹபீல் கொழும்பில் பழைய சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் வேறொரு பம்ப் வாங்கி வந்து பூட்டி, எஞ்சின் பெல்ட்டையும் புதிதாக மாற்றி, ஞாயிறு பின்னேரம் கையில் கொடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை இரவு சாஹுல் ஹமீது டெலிபோன் எடுத்தார்.

“பிரேக் நல்லம் மச்சான். ஸ்டார்ட் எடுக்கத்தான் கொஞ்சம் இழுக்குது. ஏத்தத்துல மூச்சு வாங்குது.”

“புதுப் பெல்ட் தானே மச்சான். ரெண்டு நாளையில பழகிடும்.”

பெல்ட் பழகாது. பழகுவதற்கு அது என்ன செருப்பா? சொன்ன வாய்க்கே அது தெரியும். வாடிக்கைக்காரர் யாராவது கேட்டிருந்தால் வேனைக் கொண்டு வாருங்கள், பார்ப்போம் என்று சொல்லியிருப்பான். மச்சானிடம் அப்படிச் சொல்ல ரோசம் விடவில்லை. இருந்தும் மனம் கேளாமல் செவ்வாய் காலை முதல் பஸ்ஸில் ஹிங்குலைக்கு வந்தான். வந்தால், மச்சான் நெஞ்சைத் தடவிக்கொண்டு கதிரையில் இருக்கிறார். பக்கத்து டாக்டர் வந்து ஊசி போட்டு, சுணங்காமல் கண்டிக்குக் கொண்டு போகச் சொன்னார்.

அடுத்த வீட்டு பாரூக், ஹார்ட்வெயார் கடைக்காரர், கார் சாவியோடு ஓடி வந்தார். “என்ட கார எடுக்கவா?”

“வேணாம். வேன் ஈக்கிதானே” என்றான் ஹபீல்.

யாரும் அவனை வற்புறுத்தவில்லை. அவனாகச் சொன்னது. தான் இரண்டு நாளுக்கு முன் பழுது பார்த்த வேன் வாசலில் நிற்கும்போது அடுத்தவர் காரில் ஏறினால் ஊர் என்ன நினைக்கும் என்று அந்த ஒரு நொடியில் அவன் நினைத்தான். அதற்காகத்தான் சொன்னான்.

பஸீஹா மகள் அனீஸாவோடு உடுப்பு எடுத்துக்கொண்டு பின்னால் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. சாஹுல் ஹமீது முன் சீட்டில் ஏறி, “நீ ஒன்டும் யோசிக்காத, பின்னேரம் வந்திடுவேன்” என்று அவளிடம் சொன்னார்.

கடுகண்ணாவை ஏற்றத்தின் பாதியிலேயே வேன் கறுப்பாகப் புகைந்தது. உச்சியில் செக் பொயின்ட் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் குலுங்கி நின்றது. ஹபீல் சாவியைத் திருகினான். இறங்கினான், ஏறினான், திரும்பவும் திருகினான். நெற்றியெல்லாம் வியர்வையோடு மச்சான் அவன் கையைப் பிடித்தார்.

“பதறாம பாரு. நீ பாத்தா சரி வரும். நான் இங்கதானே ஈக்கேன்.”

நாற்பது நிமிடம். மேலே இருந்து மூன்று இராணுவத்தினர் துவக்கை நீட்டிக்கொண்டு இறங்கி வந்தார்கள். கண்டியில் லொறிக் குண்டு வெடித்து இரண்டு மாதமாகவில்லை, ஏற்றத்தில் நிற்கிற வேனென்றால் யாருக்கும் பயம்தான். உள்ளே இருந்தவரின் முகத்தைக் கண்டதும் துவக்குகள் முதுகுக்குப் போயின. மூன்று பேரும் செக் பொயின்ட் வரை வேனைத் தள்ளினார்கள். மீசை வைத்த கோப்ரல் ஒருவன் நடுரோட்டில் கையை விரித்து நின்று இரண்டு வாகனங்களை மறித்துப் பார்த்தான், இடமில்லை. மூன்றாவதாக வந்த மரக்கறி பிக்கப்பில் நோயாளியைத் தூக்கி ஏற்றியவனும் அவன்தான்.

அதே பிக்கப் திரும்பி வந்து மையித்தை வாசலில் இறக்கியபோது, பாரூக் ஓடி வந்து கேட்டார். “என்னடா இது? எப்படி இவ்வளவு நேரம்? செக் பொயின்ட்ல நிப்பாட்டிட்டானுகளா?”

ஹபீல் ஆமென்பதுபோல் தலையை ஆட்டினான்.

ஆட்டியது அவ்வளவுதான். வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் அது தெரு முழுக்கப் போய்விட்டது. ‘நெஞ்சு நோவுக்காரன வச்சிக்கிட்டு ஐடென்டிட்டி கேட்டானுகளாம்.’ ‘சீட்டெல்லாம் கழட்டிப் பாத்தானுகளாம்.’ அந்தக் காலத்தில் அதை நம்புவதற்கு யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. ஆளாளுக்கு ஒரு செக் பொயின்ட் கதை கைவசம் இருந்தது.

கபன் துணி உடுத்தி மையித்தை உள்ளே கொண்டுபோய்ப் பெண்கள் பார்க்க வைத்திருந்த நேரத்தில், தெருவில் சலசலப்புக் கேட்டது. சாஹுல் ஹமீதின் வேன் சத்தமே இல்லாமல் உருண்டு வந்து சுவரோரம் நின்றது. அதிலிருந்து இறங்கியவன் அந்த மீசைக் கோப்ரல். சீருடை இல்லை, சாரமும் சேர்ட்டும். ஒரு கையில் சாவி, மறு கையில் சாஹுல் ஹமீதின் செருப்பு.

வாசலில் நின்றவர்கள் கதிரையை விட்டு எழுந்தார்கள்.

“வேனையும் புடிச்சு வச்சீந்தீங்களா?” என்று பாரூக் சிங்களத்தில் கத்தினார். “மனிசன் போன பொறகு கொண்டு வந்து தாறீங்களா?”

கோப்ரல் விழித்தான். கூட்டத்தில் ஹபீலைத் தேடிக் கண்டுபிடித்து அவனுக்கு மட்டும் கேட்கும்படி சிங்களத்தில் பேசினான். “கதவில அட்ரஸ் இருந்தது. டியூட்டி முடிஞ்சதும் நியூட்ரல்ல உருட்டிக்கொண்டு வந்தேன். எஞ்சின் ஓடாததால பிரேக் கல்லு மாதிரி. ஹேன்ட் பிரேக்லதான் இறக்கினேன்.” பிறகு குரலை இன்னும் தாழ்த்தினான். “அந்த ஐயா பொழைக்கல்லையா?”

அவன் வளைவு வளைவான அந்த இறக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். இப்போது இவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்து நிற்கிறான். ஹபீல் சாவியை வாங்கினான். செருப்பை வாங்கினான். “ஸ்துதி” என்று சிங்களத்தில் நன்றி மட்டும் சொன்னான். 

“போகச் செல்லு அவன” என்றார் பாரூக்.

கோப்ரல் போனான். பஸ் நிறுத்தம் வரை இளைஞர்கள் சிலர் ஏசிக்கொண்டே பின்னால் போனார்கள். அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறோம். பாவம் செய்தவன் வாசலில் நின்று பழி நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அசர் தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஹபீல் வேனுக்குள் ஏறி, முன் சீட்டைத் தூக்கி, எஞ்சினைப் பார்த்தான். உள்ளுக்குள் ஒரு கேடுகெட்ட ஆசை இருந்தது. டீசல் அடைத்திருக்கலாம். பம்ப் வாங்கிய இடத்தில் ஏமாற்றியிருக்கலாம். வேறு ஏதாவதாக இருந்துவிடக் கூடாதா?

எஞ்சினின் மேல் சில்லையும் கீழ்ச் சில்லையும் ஒரே தாளத்தில் சுழற்றும் டைமிங் பெல்ட்டின் மூடியைக் கழற்றினான். எஞ்சினை மெல்லச் சுற்றி, தான் வைத்த வெள்ளைப் பெயின்ட் புள்ளிகளை நேருக்கு நேர் கொண்டு வந்தான். மேலே கேம் சில்லில் ஒன்று, கீழே கிராங் சில்லில் ஒன்று. பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் அவனே வைத்தவை. எப்படி இருந்ததோ அப்படியே புதியதைப் பூட்டினால் பிழை வராது என்பது அவசர வேலையின் கணக்கு. இரண்டு புள்ளிகளும் நூல் பிடித்தாற்போல் நின்றன. பிறகு பழந்துணியில் டீசல் நனைத்து, சில்லின் பின்னால் பத்து வருட அழுக்கைத் துடைத்தான். கம்பெனி வெட்டிய கோடு தெரிந்தது. அது இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு பல் தள்ளி இருந்தது.

வெக்கும் பம்ப் ஓடுவது கேம் தண்டின் வாலில். பம்ப் இறுகியபோது தண்டையும் ஒரு கணம் பிடித்து நிறுத்தியிருக்கிறது, பெல்ட் ஒரு பல் ஏறி விழுந்திருக்கிறது. வேன் அவனிடம் வரும்போதே அது பிசகித்தான் வந்தது. அவன் அந்தப் பிசகின் மேல் பெயின்ட் வைத்து, அச்சுப் பிசகாமல் பிசகையே திரும்பப் பூட்டிக் கொடுத்திருக்கிறான். இந்தத் துணியை அன்றைக்கே எடுத்திருந்தால், இரண்டு மணி நேர வேலை.

“இங்கயா ஈக்கிறாய்?” பாரூக் ஜன்னலில் ஒரு தாளை நீட்டினார். “கேம்ப் பெரியவருக்கு ஒரு கடிதம். முப்பது பேர் கையெழுத்து வச்சாச்சு. நீதான் கண்ணால பாத்த சாட்சி, மேல உன்ட பேரு வரணும். செக் பொயின்ட்ல ஈந்த மூணு பேரயும் தூக்கி வடக்குக்கு அனுப்பாம விடக்கூடாது.”

வடக்கு என்றால் வன்னி, யுத்தம் நடக்கிற இடம். அங்கே போனவர்களின் பெட்டிகள் வாரத்துக்கு இரண்டு இந்த ஏற்றத்தால்தான் வந்துகொண்டிருந்தன.

“கையில எண்ணெய் பாரூக் நானா. கழுவிட்டு வாறேன்” என்றான் ஹபீல். கழுவக் கழுவப் போகாது என்று தெரிந்துகொண்டே சொன்னான்.

மையித்தை வைத்த சந்தூக்கு முற்றத்துக்கு வந்தது. தூக்குவதற்கு முன், இறந்தவருக்காகக் குடும்பத்தில் ஒருவர் கூட்டத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அது வழக்கம். ஹாஜியார் எழுந்து வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. “நீ செல்லு மகன்” என்று ஹபீலின் முதுகில் கை வைத்தார். “ஆம்புளப் புள்ள இல்லாத வூடு. நீதான் செல்லணும்.”

ஹபீல் சந்தூக்கின் தலைமாட்டில் போய் நின்றான். முற்றத்திலும் தெருவிலுமாக இருநூறு பேர். வாசலில் தொங்கிய துணிக்குப் பின்னால் பெண்களின் விசும்பல் ஒருவாறு அடங்கியது.

“என்ட மச்சான் சாஹுல் ஹமீது” என்று தொடங்கினான். “உங்க யாருட மனசயும் அவர் சொல்லாலயோ செயலாலயோ நோவிச்சீந்தா, அல்லாஹ்வுக்காக அவர மன்னிச்சிடுங்க.”

“மன்னிச்சிட்டோம்” என்றது கூட்டம் ஒரே குரலாக.

அதோடு முடிந்தது. லெப்பை குனிந்து சந்தூக்கின் முன்காலைப் பிடிக்கப் போனார். ஹபீல் நகரவில்லை.

“இன்னொன்டு ஈக்கி” என்றான். குரல் அவனுடையது போலவே இல்லை. “செக் பொயின்ட்ல எங்கள யாரும் நிப்பாட்டல்ல. வேன் நின்டிட்டு. நான் பூட்டின பெல்ட் பிழை. நாப்பது நிமிசம் ரோட்டுல ஈந்தோம். அந்த ஆமிக்காரங்கதான் தள்ளினாங்க, பிக்கப்ப மறிச்சு ஏத்தினதும் அவங்கதான். பாரூக் நானா காரத் தாறேன் என்டார். நான்தான் வேணாமென்டேன்.” மூச்சு விட்டான். “வந்த உடனே செல்லீக்கணும். செல்லல்ல.”

மிச்சம் இருந்தது மன்னிப்பு என்ற சொல்தான். அதைக் கேட்கத் தனக்கு வாயில்லை என்று அவனுக்குத் தோன்றிற்று.

 பாரூக் கையிலிருந்த தாளை நான்காக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார். ஹாஜியார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹபீல் வாசல் துணியைப் பார்த்தான். அது அசையவில்லை. அதற்குப் பின்னால் யாரோ ஒரு குழந்தையை அதட்டி அடக்கினார்கள். கடைசியில் பஸீஹாவின் குரல் வந்தது. அழுது அழுது அடைத்துப்போன குரல், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

“நேரம் போகுது. தூக்குங்க.”

தூக்கினார்கள். முன் இடது கால் ஹபீலின் தோளுக்கு வந்தது.

அடக்கம் செய்யும் மையவாடி, தெருவின் கோடியில், றப்பர் தோட்டத்துக்கு மேலே இருக்கிறது. முக்கால் மைல் ஏற்றம். சந்தூக்கைச் சுமப்பது நன்மை என்பதால் பத்து அடிக்கு ஒருவர் பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டு மாற்றிக்கொள்வார்கள். எந்த ஜனாஸாவிலும் ஒருவர் பத்து அடிக்கு மேல் சுமக்கக் கூட்டம் விடாது. அன்றும் லெப்பையை ஒருவர் தொட்டு மாற்றினார். அவரை வேறொருவர். பின்னால் இரண்டு கால்களிலும் தோள்கள் மாறிக்கொண்டே வந்தன, கலிமாவும் மாறி மாறி எழுந்தது.

பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகை முடித்து மறுபடி தூக்கினார்கள், அதே கால்தான் ஹபீலுக்கு. ஹபீலுக்குத் தோள் எரிந்தது. பின்னால் காலடிகள் நெருங்கி வருவதும் அவனைக் கடந்து அடுத்த காலுக்குப் போவதும் கேட்டன. திரும்பிப் பார்க்காமல் அடியை மட்டும் எண்ணி வைத்தான். றப்பர் தோட்டத்து வளைவில் கால் ஒருமுறை சறுக்கியது, சமாளித்துக்கொண்டான். மையவாடிக் கதவு வரை அவன் தோளை யாரும் தொடவில்லை.