இன்னும் அப்படியே இருக்கிறது

டனலி என்ற கடலோர ஊரில் நோயலின் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தும்போதே மெரின் அந்தப் பிக்கப் வண்டியைப் பார்த்துவிட்டாள். இரு கதவுகளும் திறந்து கிடந்தன. இருக்கைகளைப் பிடுங்கி வெயிலில் போட்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியின் பாதி உயரத்தில் உப்பு ஒரு வெள்ளைக் கோடாகப் படிந்து, கடல் எதுவரை ஏறியது என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது. பின்தட்டின் கம்பியில் நீலக் கயிறொன்று முடிச்சிடப்பட்டிருந்தது; ஒரு சாண் நீளத்தில் அறுபட்டிருந்தது. வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்த வாக்கியம் அந்த இடத்திலேயே அவளுக்கு மறந்துபோயிற்று.

ஹோபார்ட் நகர நூலகம் ஒன்றில் வேலை பார்க்கும் மெரின், ஒன்பது ஆண்டுகளாகத் தன் ஓய்வு நேரத்தில் ஓத அட்டவணை மென்பொருளொன்றைப் பராமரித்துவந்தாள். கடல் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்று கைபேசியில் காட்டும் இலவசச் செயலி. அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம், குறை கண்டால் எழுதலாம். எழுதினார்கள், நூற்றுக்கணக்கில். அந்தக் குவியலின் பாரம் தாளாமல், அறுபது நாள் பேச்சற்றுக் கிடக்கும் முறையீட்டைத் தானே மூடிவிடும் தானியங்கி ஒன்றை அவள் நிறுவியிருந்தாள். இத்தகைய திட்டங்களில் அது வழக்கம்தான். தன் முறையீடு உயிரோடிருக்க வேண்டுமென்று நினைப்பவர், கெடு முடியும் முன் ஒரு வரியாவது எழுதிவிட வேண்டும் என்பதும் வழக்கம்.

சிப்பி வளர்க்கும் நோயல் சென்ற ஏப்ரலில் எழுதினார்: கோடைகால நேரம் முடிந்து எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் அட்டவணை ஒரு மணி நேரம் தாமதமாகக் காட்டுகிறது. பிறகு ஜூனில், ஆகஸ்டில், அக்டோபரில், டிசம்பரில், அடுத்த ஏப்ரலின் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே வரியை எழுதினார்: "இன்னும் அப்படியே இருக்கிறது." பிப்ரவரியில் எழுதவில்லை, இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தார். தானியங்கி தன் வேலையைச் செய்தது. இந்த ஏப்ரலில் அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் மனைவி கிளெனிஸ் தனியே சேற்றுப்படுகைக்கு வண்டியை ஓட்டிப் போனார். கைபேசி சொன்னதற்கு ஒரு மணி நேரம் முன்பே கடல் திரும்பியது. கடைசிச் சிப்பித் தட்டுகளருகே நின்றிருந்தவர் கரையேறியதே பெரிது. நாயைப் பின்தட்டில் கட்டியிருந்தார்; அவிழ்க்க நேரமிருக்கவில்லை.

செய்தி வந்த மறுநாள் மெரின் பிழையைத் திருத்தினாள். ஒரு வரி; பதினொரு நிமிடம் பிடித்தது.

கைத்தடியை ஊன்றியபடி நோயல் கதவைத் திறந்தார்.

"வாம்மா. இத்தனை நாளா உன்னைத் தாடி வச்ச ஆம்பளைன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"இவரு நெனச்சது என்னைக்குச் சரியா இருந்திருக்கு?" என்றார் கிளெனிஸ், சமையல் மேடையில் சிப்பிகளைத் திறந்துகொண்டே, திரும்பாமல்.

நோயல் அதைக் கேட்டுப் பழகியவர்போல் நாற்காலியில் மெல்ல இறங்கினார். "நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். சேதி தெரிஞ்ச மறுநாளே சரி பண்ணிட்டியே. தப்பு என் மேலதான். பிப்ரவரில போன்ல ஒரு லெட்டர் வந்துச்சு. முறையீடு முடிச்சு வச்சாச்சு, பங்களிப்புக்கு நன்றின்னு. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே படிச்சேன். சரி பண்ணிட்டாங்க, நம்பிப் போன்னு இவகிட்ட சொன்னதே நான்தான். ஒருவாட்டி தெறந்து பாத்திருக்கணும்."

"ரெண்டு வாரமா இதே பாட்டு," என்றார் கிளெனிஸ். "அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் வேற பாட்டு."

நன்றியை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடலாம் என்பது மெரினுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. இந்த வீட்டில் தானியங்கியைப் பற்றி அறிந்தவர் எவருமில்லை. எந்தச் சேதத்துக்கும் ஆக்கியோர் பொறுப்பல்லர் என்ற உரிம வாசகத்தை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவளே தேர்ந்து பதித்திருந்தாள். எதிரே நோயல், தடியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டு, தன்னுடையதல்லாத குற்றத்தை மடியில் வைத்து அமர்ந்திருந்தார்.

"அந்த லெட்டரை நான் எழுதல," என்றாள். "யாருமே எழுதல. அறுபது நாள் யாரும் எழுதலைன்னா மெஷினே மூடிரும். அப்படி வச்சது நான். குறை அப்படியேதான் இருந்துச்சு."

கத்தி நின்றது.

"அப்ப இவரு அஞ்சு தடவை எழுதினாரே," என்றார் கிளெனிஸ். "அதைப் படிச்சதும் மெஷின்தானா?"

ஆம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

"நான்தான் படிச்சேன். அஞ்சையும். ஒவ்வொரு தடவையும் அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

நோயலின் விரல்கள் தடியை விட்டன. "அப்ப நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்," என்றார், மேசையைப் பார்த்து, மிக மெதுவாக.

கிளெனிஸ் ஒரு தட்டை மெரின் முன் வைத்தார். ஆறு சிப்பிகள்.

"எனக்கு வேண்டாங்க."

"சாப்பிடு. தெறந்தாச்சு. இனி வைக்க முடியாது."

அவள் ஆறையும் விழுங்கினாள். கிளெனிஸ் தட்டை எடுத்துக்கொண்டார். "போறப்ப வண்டில இருக்கிற அந்தக் கயித்தை அவுத்துட்டுப் போ. இவரால குனிய முடியாது. நான் அந்தப் பக்கமே போறதில்ல."

"கத்தி குடு அவளுக்கு," என்றார் நோயல்.

"கத்தி வேணாம். அவுக்கட்டும்."

முடிச்சு உப்பில் ஊறிக் காய்ந்து கல்லாகியிருந்தது. அன்று காலை கிளெனிஸ் அவசரமில்லாமல் இரண்டு சுற்றுப் போட்டு நன்றாகத்தான் கட்டியிருக்கிறார். மெரின் கட்டைவிரல் நகத்தை இழைகளுக்கிடையே செலுத்தினாள். உப்பு வெள்ளைத் தூளாகக் கம்பியின் மீது உதிர்ந்தது, நகம் பிளந்தது, அடுத்த விரலை வைத்தாள். சமையலறை ஜன்னலில் யாரோ வந்து நின்றார்கள். வேலிக்கு அப்பால், சேற்றுப்படுகையின் கால்வாய்களில், அட்டவணை சொன்ன நேரத்துக்குச் சரியாக நீர் ஏறத் தொடங்கியிருந்தது.