தொள்ளாயிரத்துப் பத்தாம் அடியின் சத்தம்

வீடியோவில் குரலைச் சமன் செய்யும்போது வெட்டுப்படுகிற சத்தம் மேசைக்கு அடியில் விழும். திருச்செங்கோட்டில் எந்த எடிட்டிங் கடைக்குப் போனாலும் கால் வைக்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கும், அதற்காகத்தான். கூடை வைக்க மறந்தால் சத்தம் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிடும். அப்புறம் படி ஏறினால் தெருவே எட்டிப் பார்க்கும்.

பூங்கோதை ஏழு வருஷமாக அந்த வேலையில் இருந்தாள். திரையில் குரல் மேடும் பள்ளமுமாக ஓடும். அவள் அதன் குறுக்கே ஒரு கோடு போடுவாள். கோட்டுக்கு மேலே தலை நீட்டுகிற சத்தத்தை நாலுக்கு ஒன்று என்று கம்ப்ரஸ் செய்வாள். நாலு பங்கு ஏறினால் ஒரு பங்குதான் நிற்கும், மீதி மூன்று பங்கு பொத்தென்று கூடையில் விழும். மேடு அடங்கியதும் மொத்தத்தையும் கொஞ்சம் தூக்கிவிடுவாள். அப்போது பள்ளத்தில் கிடந்த முணுமுணுப்பு மேலே வரும். கத்துகிறவரும் முனகுகிறவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். இதில் அவளை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் கிடையாது.

ஊரார் குரலையெல்லாம் தூக்கி நிறுத்தியவளுக்குச் சொந்தக் குரல் மட்டும் வாயை விட்டு ஒரு சாண்கூடப் போகாது. பேசுவாள், நன்றாகவே பேசுவாள், எதிரில் இருப்பவர் காதுக்குத்தான் வந்து சேராது. மளிகைக் கடையில் துவரம்பருப்பு கேட்டுவிட்டு நிற்பாள். கடைக்காரர் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கைக்கு எட்டினதை எடுத்துக் கொடுப்பார். அவள் வீட்டில் ஊதுவத்திக் கட்டு மட்டும் நாற்பது இருந்தது.

அதையெல்லாம் விடுங்கள், பஸ்தான் அவள் உயிரை வாங்கியது. நாமக்கல் சாலையில் ரைஸ்மில் மேடு என்ற இடத்தில் வாடகைக்கு வீடு எடுத்துத் தனியாக இருந்தாள். காலையில் ஏறுவதில் சங்கடம் இல்லை, கை காட்டினால் நிற்கும். சாயங்காலம் ஆறு பத்து பஸ்ஸில் திரும்பும்போது "ரைஸ்மில் மேடு எறங்கோணும்" என்பாள். பஸ் நிற்காது. மூன்று கிலோமீட்டர் தள்ளி செக்போஸ்ட்டில் எல்லா வண்டியும் தானாக நிற்கும், அங்கே இறங்கித் திரும்பி நடப்பாள். ஏழு வருஷமும் இதே நடைதான். செருப்பு தேய்ந்த கணக்கை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்டிருக்காது.

பக்கத்து சீட்டுக்காரர் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது. 'அவரவர் இறங்குமிடத்தை அவரவர் வாயால் சொல்லவும்' என்று டிரைவர் தலைக்கு மேலே பலகை இருந்தது. ஒருமுறை அவள் தன் போனில் பதிவு செய்து ஒலிக்கவிட்டுப் பார்த்தாள். பஸ் உடனே நின்றது. கண்டக்டர் போனை வாங்கி, ரைஸ்மில் மேட்டில் பதனமாக இறக்கி வைத்துவிட்டு விசில் கொடுத்தார். சொன்னது போன்தானே. அன்றைக்கும் அவள் செக்போஸ்ட்டிலிருந்து நடந்து வந்துதான் அதை எடுத்துக்கொண்டாள்.

கண்டக்டர் பழனிவேல் கெட்டவர் இல்லை. "ஒரே ஒருக்காச் சொல்லீட்டீங்கன்னா போதுமுங்க அம்மிணி. வண்டிக்குப் பழகிரும். அப்பறம் நீங்க வாயே தொறக்க வேண்டாம், தானா நிக்கும்" என்று அவரும் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை பஸ்ஸில் புது நோட்டீஸ் ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை முதல் வண்டி ரைஸ்மில் மேடு தாண்டியதும் புறவழிச்சாலையில் ஏறிவிடும், செக்போஸ்ட் கிடையாது, அடுத்து நிற்பது நாமக்கல். பூங்கோதை கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாமக்கல்லில் இருந்து திரும்பி வருகிற பஸ்ஸிலும் வாயால் சொல்லித்தான் இறங்க வேண்டும். சொல்ல முடியாவிட்டால் திருச்செங்கோடு, மறுபடி நாமக்கல், மறுபடி திருச்செங்கோடு. ஆயுசுக்கும் வீட்டைக் கடந்து கடந்து போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு பெண் குமாரபாளையம் வண்டியில் அப்படிப் பதினோரு வருஷமாக இருக்கிறாள் என்று கேள்வி. ஜன்னலோர சீட் என்பது ஒன்றுதான் ஆறுதலாம்.

வெள்ளிக்கிழமை சென்னியப்பனின் வீடியோ வந்தது. சென்னியப்பன் ஆழ்துளைக் கிணறு வண்டி வைத்திருந்தார். போர் போடுகிற இடங்களை வாராவாரம் படம் பிடித்து யூடியூபில் போடுவார். இருபத்தைந்து வருஷம் எந்திரத்தின் பக்கத்தில் நின்று பேசியவர், அவர் ரகசியம் சொன்னால் எதிர்க்கடை ஷட்டர் அதிரும். அவர் குரலில் வெட்டுப்படுவது கூடைக்கு அடங்காது, அவருக்கென்று ஒரு அரிசிச் சாக்கே இருந்தது. சனிக்கிழமை தோறும் வந்து சாக்கைத் தூக்கிப் போவார். அவர் மனைவி அதைக் கடலைக்காட்டு வரப்பில் தூவி வைப்பார். அப்புறம் மயில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

பூங்கோதை அந்தச் சாக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்துவிட்டாள். கேட்காமல்தான் எடுத்தாள். கடலை உருண்டை அளவு இருந்தது. பஸ்ஸில் ரைஸ்மில் மேடு நெருங்கும்போது நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

சத்தம் வந்தது. ஆனால் வெட்டுப்பட்ட சத்தத்தில் வார்த்தை போய்விடுமே தவிர, அது பிறந்த நேரத்துக் குணம் போகாது. அந்தத் துண்டு, வேலையாட்கள் இரும்புக் குழாயைக் கைநழுவ விட்டபோது சென்னியப்பன் வைததில் விழுந்தது. டிரைவர் மிரண்டுபோய் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். செக்போஸ்ட்கூட அரைக் கிலோமீட்டர் பின்னால் போய்விட்டது. பழனிவேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் என்னங்க பண்ணுனேன்?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு நடக்கும்போது அவளுக்குக் காலைவிட மனசுதான் வலித்தது. ஒரு நல்ல மனுஷனை இப்படி வைதுவிட்டோமே, அதுவும் திருட்டுச் சத்தத்தில். கேட்டு வாங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

கேட்பது என்ன லேசா? சனிக்கிழமை சென்னியப்பன் வந்ததும் அவர் முன்னால் நின்று கேட்டாள். அவருக்கு எந்திரத்துச் சத்தத்தில் காது பாதி போயிருந்தது, நல்ல காதுக்கே எட்டாத குரல் அவருக்கு எங்கே எட்டும். "மழையா? வருமுங்க அம்மிணி, வரும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சாக்கைத் தூக்கினார்.

பூங்கோதை அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கேமராவை ஆன் செய்து, மைக்கை உதட்டோடு வைத்து, நடந்ததையெல்லாம் சொல்லி, நல்ல துண்டாக ஒன்று வேண்டும் என்று பேசிப் பதிவு செய்தாள். கோடு போட்டாள். கம்ப்ரஸ் செய்தாள். கூடையில் ஒரு துளியும் விழவில்லை, விழுவதற்கு அந்தக் குரலில் மேடு ஏது. பிறகு தூக்கினாள். அவள் யார் குரலையும் அவ்வளவு உயரம் தூக்கியதில்லை. தூக்கித் தூக்கி, சென்னியப்பனின் குரல் நிற்கிற உயரத்துக்குக் கொண்டுவந்து, அவர் வீடியோவின் கடைசியில் ஒட்டினாள். ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள்.

அவர் தன் குரலைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்தாற்போல் அவள் குரல் வந்தது. இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன. அவர் ஹெட்போனோடு திரும்பிப் பார்த்தார்.

"அம்மிணி, நீங்க பேசுவீங்களா?"

"ஏழு வருஷமாப் பேசீட்டுத்தானுங்க இருக்கேன்" என்றாள். அது கேட்காததால் அதையும் பதிவு செய்து, சமன் செய்து, போட்டுக் காட்டினாள்.

சென்னியப்பன் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். பிறகு சாக்கைத் தரையில் கவிழ்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தார். "இது வைதது. இதும் வைதது. இது போன்ல வைதது. அட, எனக்கே வெக்கமா இருக்குதுங்க." அடியிலிருந்து ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்தார். "இதைப் புடிங்க."

அது போன வாரம் ஒரு விவசாயியின் காட்டில் போர் போட்டபோது எடுத்த படத்தில் வெட்டுப்பட்டது. தொள்ளாயிரம் அடி வரைக்கும் வெறும் கல்தூள் புகை. காட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். எந்திரத்தை நிறுத்தலாமா என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, இன்னும் பத்தே பத்து அடி போகட்டும் என்றார் சென்னியப்பன். தொள்ளாயிரத்துப் பத்தில் பீய்ச்சியது. அப்போது அவர் "தண்ணி!" என்று கத்தினாரே, அந்தக் கத்தல்.

"அன்னைக்கு நானே அழுதுட்டனுங்க. இது ஒண்ணுதான் இருக்குது, வெச்சுக்குங்க" என்றார். "மயிலுக்கு இது ஆகாது. இதைக் கேட்டா மயிலு கிட்ட வந்து ஆடுது."

திங்கட்கிழமை ஆறு பத்துக்கு அவள் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினாள். பழனிவேல் அவள் முகத்தைப் பார்க்காமலே டிக்கெட் கொடுத்தார். தூரத்தில் ரைஸ்மில்லின் புகைக்கூண்டு தெரிந்தது. அதைத் தாண்டிப் புறவழிச்சாலை வெயிலில் பளபளவென்று கிடந்தது. பூங்கோதை முந்தானையை எடுத்தாள். முடிச்சை அவிழ்த்து, துண்டை நாக்குக்கு அடியில் வைத்தாள்.

"ரைஸ்மில் மேடு எறங்கோணும்!"

தொள்ளாயிரத்துப் பத்து அடிக்குக் கீழே இருந்து வந்தது அந்தக் குரல். பஸ் முழுக்க அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டது. பின் சீட்டில் ஒருவர் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். டிரைவர் சிரித்த முகமாகப் பிரேக்கை மிதித்தார்.

"கேட்டுதுங்க அம்மிணி, கேட்டுதுங்க!" என்று பழனிவேல் விசிலை ஊதினார். அவர் இறங்கி நின்று வழி விட்டார். "இனி வண்டிக்குப் பழகிருச்சு. நிம்மதியாப் போங்க."

அவள் இறங்கினாள். பஸ் புறவழிச்சாலையில் ஏறிப் போவதை நின்று பார்த்தாள். நாக்குக்கு அடியில் இருந்த துண்டு கரைந்துவிட்டது, இனி அது வேண்டியதும் இல்லை. வீடு நாலு எட்டில் வந்துவிட்டது. வெளிச்சம் இருக்கும்போது சாயங்காலத்தில் அவள் தன் வீட்டுக் கதவைப் பார்த்ததே இல்லை, அதன் பச்சைப் பெயின்ட் மஞ்சள் வெயிலில் வேறு நிறமாக இருந்தது. உள்ளே போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். மார்பில் ஏழு வருஷமாக ஏற்றி வைத்திருந்த மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதாள். பிறகு எழுந்து டீ வைத்தாள்.

டீ கொதிக்கும்போது கதவு தட்டுகிற ஓசை கேட்டது. திறந்தாள். பஸ் இப்போது போகாத செக்போஸ்ட்டிலிருந்து, ஏழு வருஷமாக நடந்த அந்தப் பூங்கோதை நடந்து வந்து வாசலில் நின்றாள். செருப்பு அறுந்து கையில் இருந்தது, முழங்கால் வரைக்கும் புழுதி.

"இன்னைக்கும் நிக்கலியா?"

"சொன்னேன். யாருக்கும் கேக்கலை."

"எனக்குக் கேக்குது. உள்ள வா" என்றாள் பஸ் இறங்கி வந்த பூங்கோதை. கால் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள், டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினாள்.

மறுநாள் வேலைக்கு நடந்து வந்தவள் போனாள். பஸ் இறங்கி வந்தவள் வீட்டில் இருந்து துணி துவைத்தாள். சாயங்காலம் ஆறரைக்கு, போனவள் வாயே திறக்காமல், ரைஸ்மில் மேட்டில் பஸ் தானாக நின்றது.